ஆணி அடிக்கக் கூடாது

சலூன் நாற்காலியில் கழுத்துவரை துணி போர்த்தி உட்கார்ந்துவிட்டால் மாடிக்காரருக்கு வாய் தானாகத் திறந்துகொள்ளும். அலுவலகக் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கைக்கு வந்த தொகையை அப்படியே கொட்டி, வீட்டின்மேல் ஒரு மாடி எழுப்பி வாடகைக்கு விட்டதிலிருந்து தெருவில் அவருக்கு அதுதான் பெயர்.

"உழைக்கிறவன் ஏமாளி. நாம தூங்கும்போதும் நம்ம பணம் உழைக்கணும்" என்றார் அன்றைக்கும்.

சலூன்காரர் கத்தியைத் துடைத்தபடி கண்ணாடியில் அவரைப் பார்த்தார். "அப்புறம் ஏன் சார் கண்ணு ரெண்டும் இப்படிச் செவந்து கெடக்கு?"

தூங்கினால்தானே. மாடியில் குடியிருந்த உடற்பயிற்சி வாத்தியார் விடியும் முன்பே இரும்பைத் தூக்குவார். தூக்கியதைத் தொப்பென்று கீழே போடுவார். குழாய் ஒழுகினாலும் கழிப்பறை அடைத்தாலும் மேலிருந்து 'ஓனர்' என்று ஒரு குரல் வரும். மாடிக்காரர் சட்டைகூடப் போடாமல் படியேறி ஓடுவார். வேலையில் இருந்தபோது இதில் பாதி ஓடியிருந்தால் இன்னொரு பதவி உயர்வு கிடைத்திருக்கும்.

மாடி கட்டும்போது, தெருப்பக்க ஜன்னல் அறை உனக்குத்தான், வெளிச்சத்தில் உட்கார்ந்து தைக்கலாம் என்று சொல்லி, மனைவி தையலில் சேர்த்ததையும் வாங்கிச் சிமெண்டில் கரைத்திருந்தார். கட்டி முடித்ததும், அந்த ஜன்னலைக் காட்டியே வாடகையை ஏற்றலாம் என்ற ஞானம் பிறந்தது. அவள் மெஷின் சமையலறைக்கும் குளியலறைக்கும் நடுவே இருட்டு நடையில் நின்றது. அவர் குளிக்கப் போகும்போதெல்லாம் நாற்காலியோடு எழுந்து வழிவிடுவாள்.

வாத்தியார் ஒருநாள் காலி செய்தார். சுவரில் ஆணி அடித்த துளை ஒவ்வொன்றிலும் மாடிக்காரர் விரலை விட்டுப் பார்த்து, முன்பணத்தில் பிடித்துக்கொண்டார். வாத்தியார் மாடிக் குழாயைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

"இப்பவாவது அந்த ரூமை எனக்கு விடுங்களேன்" என்றாள் மனைவி.

"சும்மா விடுறதுக்கா கட்டினேன்?"

அதன்பின் வீடு கேட்டு வந்தவர்களுக்கெல்லாம் நேர்காணல். நர்ஸ் வந்தாள், அகால நேரத்தில் கேட் திறக்க முடியாது என்றார். குழந்தையோடு வந்தவர்கள் சுவரில் கிறுக்குவார்கள்; குழந்தை இல்லாதவர்கள் சீக்கிரம் பெற்றுக்கொள்வார்கள். பேசாமல் நின்ற ஒருவர்மேல், இவ்வளவு சாதுவாக இருப்பவன் எதையோ மறைக்கிறான் என்று சந்தேகம். கடைசிக் கேள்வி எல்லோருக்கும் ஒன்றுதான்: ஆணி அடிப்பீர்களா? காலண்டரை எங்கே மாட்டுவது என்று வெள்ளந்தியாகக் கேட்ட இளைஞன் வாசலோடு திருப்பி அனுப்பப்பட்டான்.

மாடி காலியாகவே கிடந்தது. "வாடகைக்குப் போயிடுச்சா சார்?" என்று சலூன்காரர் ஒவ்வொரு தடவையும் கேட்டார். மாடிக்காரர் தாடி வளர்க்க ஆரம்பித்தார்.

ஒரு மத்தியானம் மனைவி, மறுபடி தைத்துச் சேர்த்த பணக்கட்டு ஒன்றை மேஜைமேல் வைத்தாள். "வீடு பார்க்க வந்திருக்கேன்."

சிரித்தார். கட்டின் கனத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. "எத்தனை பேரு?"

"நானும் மெஷினும்."

"வாடகை மாசம் பொறந்ததும் கொடுத்துடுவீங்களா?"

கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவளுக்கு அவர் வாயிலிருந்து 'ங்க' வந்தது அதுதான் முதல்முறை. கொடுத்துவிடுவேன் என்றாள். ஆணிக் கேள்வியை, பணத்தை எண்ணும் மும்முரத்தில் மறந்துவிட்டார். மெஷின் அன்றே மாடி ஏறியது.

மறுநாள் தாடியோடு சலூனுக்குப் போய் நிமிர்ந்து உட்கார்ந்தார். "போயிடுச்சு. கேட்ட வாடகை. சொந்தத் தொழில் பண்ற அம்மா. கௌரவமான குடும்பம்."

வழுவழுவென்ற முகத்தோடு வீடு திரும்பியபோது அடுப்பு பற்றவைக்கப்படவே இல்லை. தாளிக்கிற வாசனை மாடியிலிருந்து வந்தது. படியடியில் நின்று, சாப்பாடு என்னாச்சு என்று குரல் கொடுத்தார்.

"குடியிருக்கிறவங்க ஓனருக்கு ஆக்கிப் போடணுமா என்ன? வாத்தியார் போட்டாரா?"

அதற்குள் மேலே டொக், டொக் என்று சத்தம். படியேறி ஓடினார். கதவு உள்ளே தாழிட்டிருந்தது.

"என்ன அடிக்கிறே?"

"ஆணி. கத்தரிக்கோல் மாட்ட." அதே குரல் தொடர்ந்தது. "அப்புறம், இங்க குழாயைக் காணோம். சாயங்காலத்துக்குள்ள மாட்டிக் கொடுத்துடுங்க, ஓனர்."

தேக்கில்தான் வேண்டும் என்று சண்டை போட்டு வாங்கிய கதவு. மாடிக்காரர் அதைத் தட்டினார். உள்ளே, ஜன்னலோரம், மெஷின் ஓடத் தொடங்கியது.