கருங்காலி வியாபாரியின் வீடு

கடலோர ஊரான அகுவேயில் காஸ்தெல்வோ வீட்டுக்கு இரண்டு கட்டு. முன்கட்டில் இருப்பவர்கள் கப்பலில் வந்திறங்கிய மூதாதையின் வாரிசுகள். பின்கட்டில் இருப்பவர்கள், அவர் விலைக்கு வாங்கி, விற்காமல் வேலைக்கு வைத்துக்கொண்டவர்களின் வாரிசுகள். இரண்டு கட்டுக்கும் ஒரே குடும்பப் பெயர் என்பதால் பள்ளிக்கூடத்தில் வித்தியாசம் தெரியாது. பண்டிகைப் பந்தியில் தெரிந்துவிடும்.

மூதாதை என்ன வியாபாரம் செய்தார் என்று கேட்டால், முன்கட்டில் கூசாமல் 'கருங்காலி' என்பார்கள். ஊரைச் சுற்றித் தென்னையும் உப்பங்கழியும்தான். கருங்காலி ஒன்றுகூடக் கண்ணில் படாது. ஆளை விற்கக் கூடாது என்று சட்டம் வந்து, ரோந்துக் கப்பல்கள் கடலில் திரிந்த காலத்தில், 'கருங்காலி தயார், கப்பல் அனுப்பவும்' என்று வியாபாரிகள் எழுதிக்கொண்டார்கள். தயாராக இருந்தது மனிதர்கள். கப்பல்கள் ஒழிந்த பிறகும் வார்த்தை ஒழியவில்லை. முன்கட்டில் அது மெருகேறிக் கௌரவமாயிற்று. பின்கட்டுப் பிள்ளைகளைத் திட்டும்போது 'கட்டை' என்று சுருங்கிற்று. இப்போது கொதொனூ நகரத்தில் அழகு நிலையங்களுக்கும் அதே பெயர்தான் வைக்கிறார்கள், கறுப்புத் தோலுக்குப் புகழ்ச்சியாம். வெட்கம் கெட்ட வார்த்தை, எந்த வீட்டில் விட்டாலும் பிழைத்துக்கொள்கிறது.

தன் மூதாதையைத் தன் வாயால் புகழ்வது முன்கட்டுக்கு இழுக்கு. அதனால் வருஷத் திருநாளில் அவர் புகழைப் பாட வேண்டியவள் பின்கட்டுப் பெண். அயெலேயின் அம்மா கொக்கோயே அதைத் தொண்டை வறளப் பாடிப் பாடி, போன மழைக்காலத்தில் செத்துப்போனாள். இனி அயெலே பாட வேண்டும்.

பாட்டுக்கு முன்னால், மாவு கரைத்த தண்ணீரையும் சாராயத்தையும் தரையில் ஊற்றி வீட்டுப் பெரியவர் செத்தவர்களைப் பெயர் சொல்லி அழைப்பார். முன்கட்டுச் சாவுகளைத்தான். அழைக்கப்படாதவர்கள் அன்றைக்கு வாசலிலேயே தாகத்தோடு நிற்பார்கள் என்பது அந்த ஊர் நம்பிக்கை. அம்மா அப்படி நிற்பதை அயெலேயால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அவள் நேரே பெரியவர் செலெஸ்தேனிடம் போனாள்.

"பெரியப்பா, இந்த வருஷம் அம்மா பேரையும் சொல்லிக் கூப்பிடணும். அது ஒண்ணுதான் கேக்கறேன்."

செலெஸ்தேன் பல் குத்திக்கொண்டே யோசித்தார். பிரான்சிலிருந்து ஒரு மரச்சாமான் கம்பெனிக்காரர்கள் திருநாளுக்கு வரவிருந்தார்கள். பரம்பரைக் கருங்காலி வியாபாரியின் பெயரைத் தங்கள் சாமான்களுக்கு வைத்துக்கொள்வதாகப் பேச்சு. அவர்கள் முன்னால் பாட்டு கணீரென்று இருக்க வேண்டும்.

"நீ நல்லபடியா பாடு. அவ என்ன வேத்து ஆளா? சொல்லிட்டாப் போச்சு" என்றார்.

அந்தப் பேச்சை நம்பி அயெலே அம்மாவின் வெள்ளைத் துணியைத் துவைத்துக் கட்டிக்கொண்டாள். கம்பெனியிலிருந்து ஒரு அம்மாளும் ஒரு ஆளும் வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். செலெஸ்தேனின் தங்கை மகன் ரொமுவால் அவர்களுக்கு மொழிபெயர்க்கப் பக்கத்தில் உட்கார்ந்தான்.

செலெஸ்தேன் சாராயம் ஊற்றி ஒவ்வொரு பெயராக அழைத்தார். கடன்பட்டு ஓடிப்போன சித்தப்பாவை அழைத்தார். பெயர் வைப்பதற்கு முன்பே செத்த குழந்தையைக்கூட 'குழந்தாய்' என்று அழைத்தார். பிறகு கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு அயெலேயைப் பார்த்துத் தலையசைத்தார், பாடு என்று.

அம்மாவின் பெயர் வரவில்லை. கேட்டால் 'அடடா, மறந்துட்டேன்' என்பார். அடுத்த வருஷமும் மறப்பார். அவள் பாட ஆரம்பித்தாள். அலையை அடக்கியவர், கருங்காலி அனுப்பியவர், கோணாத மரம், முடிச்சில்லாத மரம் அனுப்பியவர் என்று பாடிக்கொண்டு வந்தவள், அந்த இடத்தில் நிறுத்தவில்லை. மக்காச்சோளம் இடிக்கும்போது அம்மா அவளுக்கு மட்டும் சொல்லிக்கொடுத்த பெயர்களை எடுத்தாள். மூதாதை விற்றுக் கப்பலேற்றியவர்களின் பெயர்கள். பின்கட்டுப் பெண்கள் வாய்க்கு வாய் காப்பாற்றி வைத்திருந்தவை.

"பாதி என்பவனை அனுப்பினார். சிகாவை அனுப்பினார். ஒலூஃபேயை அனுப்பினார், அவள் கைக்குழந்தையை இங்கே வைத்துக்கொண்டார். அந்தக் குழந்தையின் வழியில் வந்தவள் கொக்கோயே. கொக்கோயே, உள்ளே வா, தண்ணீர் குடி."

மேளம் நின்றது. முன்கட்டுக்காரர்கள் ஒருவர் பாக்கியில்லாமல் தரையைப் பார்த்தார்கள். அவர்கள் எல்லோருக்கும் புரிந்துவிட்டது. அம்மா உள்ளே வந்துவிட்டாள் என்று அயெலேக்குத் தோன்றியது.

கம்பெனி அம்மாள் ரொமுவாலிடம் என்னவோ கேட்டாள். அவன் மாமாவின் முகத்தைப் பார்த்தான். செலெஸ்தேன் சிரித்த முகம் மாறாமல் அவன் காதில் சொன்னதைப் பக்கத்தில் நின்ற அயெலேயும் கேட்டாள்.

"எல்லாம் மர வகைன்னு சொல்லு."

அவன் சொன்னான். எவ்வளவு அழகான பெயர்கள் என்று அந்த அம்மாள் கைதட்டினாள். கூடவே முன்கட்டும் தட்டியது, உயிர் வந்த மாதிரி. அயெலே வாயைத் திறந்தாள்; அதற்குள் செலெஸ்தேன் கையைக் காட்ட, மேளக்காரர்கள் வெளுத்துக்கட்டினார்கள்.

அடுத்த மழைக்காலத்தில் ரொமுவால் கைபேசியோடு பின்கட்டுக்கு வந்தான். கெட்டவன் அல்ல, எதிராளி மனசு தெரியாதவன். அயெலே சந்தோஷப்படுவாள் என்றே நினைத்தான்.

"அக்கா, இதப் பாரேன். அன்னிக்கு நீ பாடின பேரை எல்லாம் கம்பெனிக்காரங்க எடுத்துக்கிட்டாங்க. உங்கம்மா பேருல ஒரு மேசை வந்திருக்கு."

அவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கிப் பார்த்தாள். கன்னங்கரேலென்று ஒரு மேசை. கீழே அம்மாவின் பெயர். அதற்கும் கீழே விலை.

"விக்குதா?" என்று கேட்டாள்.

"ரொம்ப நல்லாப் போவுதாம்க்கா. கப்பல் கப்பலா அனுப்பறாங்களாம்."

கைபேசியை அவனிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு அயெலே மக்காச்சோளம் இடிக்கப் போனாள்.