ஏழாம் நம்பர் பிரேக்கர்

செவ்வாய்க்கிழமை ஒத்திகைகளில் ஒருமுறைகூட அணையாத விளக்குகள், சனிக்கிழமை மதியம் மட்டும், அதுவும் முதல் பாதியின் கடைசிக் காட்சியில் மட்டும் ஏன் அணைகின்றன? மூன்று வாரமாக யோசித்தும் வெர்லின் டோஸ்ட்ருடுக்கு விடை கிடைக்கவில்லை.

கணக்கில் குறையே இல்லை. மேடையின் வலப்பக்கச் சுவர் பிளக்கில், வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர் பெட்டி ஒன்று. அதில் ஐந்து விளக்குகள், ஒவ்வொன்றும் முந்நூறு வாட். மொத்தம் ஆயிரத்து ஐந்நூறு. அமெரிக்க மின்சாரமான நூற்றிருபது வோல்ட்டால் வகுத்தால் பன்னிரண்டரை ஆம்ப். அந்தப் பிளக்குக்கான ஏழாம் நம்பர் பிரேக்கர் இருபது ஆம்ப் வரை தாங்கும், மீறினால் தானாக விழுந்து மின்சாரத்தைத் துண்டிக்கும். மணிக்கணக்கில் எரியும் விளக்கென்றால் பதினாறோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். அதற்கும் கீழேதான் இருந்தது. இடப்பக்கப் பெட்டிக்குத் தனி பிரேக்கர். அது அணைந்ததே கிடையாது.

கணக்கைப் போட்டவள், மேடை விளக்குக்குப் புதிதாக வந்த செலஸ்ட். அதுதான் வெர்லினுக்கு வயிற்றெரிச்சல். எங்காவது தப்பு அகப்படுமா என்று ரசீதுத் தாளின் பின்பக்கத்தில் நாலு தடவை போட்டுப் பார்த்துவிட்டார். அகப்படவில்லை.

மினசோட்டாவின் அந்தச் சிற்றூரில், தேவாலயக் கூடத்து நாடகங்களுக்குப் பதினாலு வருடம் விளக்குப் போட்டவர் அவர். பகலில் தானியக் கிடங்கில் மோட்டார் பழுதுபார்ப்பார், சாயங்காலம் மேடை. இந்த வசந்தத்தில் மினியாபொலிஸிலிருந்து குடிவந்த செலஸ்ட் சொந்த டிம்மர்களோடு வந்தாள். அவள் விரலை நகர்த்தியதும் மேடையில் மெல்ல மெல்ல அந்தி இறங்கியது. இயக்குநர் ஹார்லன் எழுந்து நின்று கைதட்டினார். பதினாலு வருடத்தில் வெர்லினுக்காக அவர் எழுந்து நின்றதில்லை.

இப்போது வெர்லினுக்கு சமையலறைக்கு வெளியே, நடைவழியிலுள்ள பிரேக்கர் பெட்டியருகில் ஒரு மடக்கு நாற்காலி. பிரேக்கர் விழுந்தால் தூக்கிவிடுவது வேலை. ஐந்து நொடிக்குள் தூக்கிவிடுவார். தூக்கினாலும் மறுபடி விழும்.

"முப்பது ஆம்ப் பிரேக்கரா மாத்திப் போட்டா என்னப்பா?" என்று கேட்டார் ஹார்லன், அந்தச் சனிக்கிழமை ஒத்திகைக்கு முன்.

"போடலாம். பிரேக்கர் விழாது, சுவருக்குள்ள ஒயர் எரியும். அது இருபதுக்குத்தான் இழுத்த ஒயர்."

"அப்ப இன்னிக்கு ஒரே ஒருதரம் அணைஞ்சாலும் சரி, வெள்ளிக்கிழமை நாடகத்துக்கு உன் பழைய விளக்குப் பலகைதான். செலஸ்ட்டுகிட்ட சொல்லிட்டேன்."

அதைக் கேட்டு வெர்லினுக்கு நெஞ்சுக்குள் இனித்தது. இனித்ததற்காகக் கொஞ்சம் வெட்கப்பட்டார். கொஞ்சம்தான்.

முதல் பாதியின் கடைசிக் காட்சி வந்தது. அதுவரை இரண்டு விளக்கில் நடந்த மேடையில் ஐந்தும் முழு வெளிச்சத்தில் ஏறின. சற்று நேரத்தில் 'டக்'. ஏழாம் நம்பர் விழுந்தது.

வெர்லின் கையைத் தூக்கவில்லை. தொடைக்கடியில் வைத்துக்கொண்டார். எல்லோரும் நன்றாகப் பார்க்கட்டும். கூடத்தில் முணுமுணுப்பு எழுந்தது. ஒரு நிமிடம் போனது, இரண்டு போனது.

சமையலறைக் கதவு திறந்தது. காபிக்குப் பொறுப்பான ஆர்டிஸ் அம்மாள் இடுப்பில் கைவைத்து நின்றார்.

"யாருப்பா என் பாய்லரை அணைச்சது? சிவப்பு லைட் போயே போச்சு. இடைவேளைக்கு அம்பது பேருக்கு நான் பச்சத்தண்ணியா ஊத்தறது?"

"எந்த பிளக்குல சொருகியிருக்கீங்க?"

"மேடைச் சுவரு பக்கம் இருக்குதே, அதுல. சனிக்கிழமைதானே முழு ஒத்திகை, இடைவேளை, காபி எல்லாம்? செவ்வாய்க்கிழமை உங்களுக்கு யாரு காபி போட்டா?"

வெர்லினுக்கு அப்போதுதான் நினைவு வந்தது. சமையலறையைப் புதுப்பித்தபோது, மேடைப் பிளக்கிலிருந்து சுவரைத் துளைத்து அந்தப் பிளக்குக்கு ஒயர் இழுத்தது வேறு யாருமல்ல, அவரேதான். இத்தனை நாளாய் ஐந்தே நொடியில் பிரேக்கரைத் தூக்கி, பாய்லர் அணைந்ததை யாரும் கவனிக்காமல் செய்ததும் அவரேதான்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். வெள்ளிக்கிழமை பலகை அவருக்கு.

செலஸ்ட் ஓடிவந்தாள். கண் கலங்கியிருந்தது. "என் கணக்குதான் எங்கேயோ தப்பு, வெர்லின். எனக்குப் புரியல. நீங்களே பலகையில உட்காருங்க. நான் பெட்டியைக் கழட்டிடறேன்."

கேட்க ஏங்கிய வார்த்தைகள். ஆனால் நாலு தடவை போட்டுச் சரியென்று கண்ட கணக்கை, போட்டவளே தப்பு என்கிறாள். அது மட்டும் அவருக்குப் பொறுக்கவில்லை.

"கணக்கு சரி" என்றார், பல்லைப் பிடுங்கியது போல. "தப்பு என்னோடது. பெட்டியைக் கழட்டாதே, பலகையில நீயே உட்காரு."

"கணக்கு சண்டை அப்புறம் போடுங்க" என்றார் ஆர்டிஸ். "காபி?"

வெர்லின் பாய்லரின் பிளக்கைப் பிடுங்கி, எதிர்ச் சுவரிலிருந்த பிளக்கில் சொருகினார். சோதித்துப் பார்க்க, அந்தப் பிளக்குக்கான பதினோராம் நம்பர் பிரேக்கரை இறக்கினார். சிவப்பு விளக்கு போனது, வேறெதுவும் அணையவில்லை. ஏற்றினார். பாய்லரின் விளக்கு மறுபடி எரிந்தது. பழைய பிளக்கின் மேல் அகல நாடா ஒட்டி, 'மேடைக்கு மட்டும்' என்று எழுதினார். பிறகு ஏழாம் நம்பரைத் தூக்கினார், மேடையில் ஐந்து விளக்கும் எரிந்தன.

பாய்லரும் பன்னிரண்டரை ஆம்ப், விளக்குகளும் பன்னிரண்டரை. இரண்டு விளக்கு மட்டும் எரிந்தவரை பாய்லரோடு பதினேழரைதான்; ஐந்தும் சேர்ந்தால் இருபத்தைந்து, இருபதைத் தாண்டியதால்தான் விழுந்தது. இப்போது ஏழாம் நம்பரில் ஐந்து விளக்குகள் மட்டும், பதினோராம் நம்பரில் பாய்லர் மட்டும், இரண்டும் பதினாறுக்குக் கீழே.