குறைவாக நீக்கு

மருத்துவமனைப் பதிவுகளில் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும் வரிகளைச் சரிசெய்வது என் பிழைப்பு. கணினிக்கு விதிகளைக் கொடுத்திருக்கிறேன். ஒருவருக்கு ஒரே பிறந்த நாள். இறந்தவர் அதற்குப் பிறகு மருந்து வாங்க முடியாது. விதி உடைந்தால் எந்தப் பக்கம் குறைவான வரிகளோ, அந்தப் பக்கத்தை நீக்கு. செத்த பிறகு பல் பிடுங்கிக்கொண்டு போன மகானுபாவர்களை எல்லாம் பார்த்துச் சிரித்திருக்கிறேன்.

அன்று திரையில் வந்தது என் தம்பி.

அவன் இறந்துவிட்டான் என்று ஒரே ஒரு வரி. படகு கவிழ்ந்து, உடல் கிடைக்காமலே எழுதிய வரி. அதற்குப் பிறகு மாதாமாதம் அவன் வலிப்பு மாத்திரை வாங்கியதாக வரிசையாக வரிகள். கணினி யோசிக்கவே இல்லை. இறப்பு வரியை நீக்கலாமா என்று கேட்டது.

என் விதி, என் கணினி, நம்பாமல் என்ன செய்வேன்? பாவிப்பயல் எங்கேயோ ஒளிந்துகொண்டு எங்களை அழவிட்டிருக்கிறான். கையில் கிடைத்தால் காதைத் திருகிவிட வேண்டும். மேலாளரிடம் தலைவலி என்று புளுகிவிட்டு வீட்டுக்கு ஓடினேன்.

அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, நம்ம வாலு உயிரோட இருக்கான்மா! போன மாசம்கூட வந்து மாத்திரை வாங்கியிருக்கான்!"

அம்மாவின் கை நின்றது. என் முகத்தைப் பார்க்காமல் எழுந்து போய் அலமாரியைத் திறந்தாள். அவன் சட்டைகளுக்கு அடியில் மாத்திரைகள், ஒன்றுகூடப் பிரிக்காமல்.

"நான்தான்டி வாங்கினேன். அவன் கார்டைக் காட்டினா கொடுத்துடுறாங்க. மாத்திரை இல்லாம அவனால ஒரு நாள் இருக்க முடியாதே. திடீர்னு வந்து நின்னான்னா?"

எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் கோபம் என்றே தெரியவில்லை.

"அந்த வரியெல்லாம் தப்பும்மா. எடுத்தாகணும்."

"எடுத்துட்டா அடுத்த மாசம் தர மாட்டாங்களா?"

"மாட்டாங்கம்மா."

அம்மா சட்டைகளைத் திரும்ப அடுக்கினாள்.

மறுநாள் கணினி அதே கேள்வியோடு காத்திருந்தது. வேண்டாம் என்றேன். அம்மா வாங்கிய மாத்திரைகளை ஒவ்வொரு வரியாக நானே நீக்கினேன். கடைசி வரியும் போனதும், முரண் எதுவும் இல்லை என்றது.

அப்போதுதான் என் தம்பி செத்துப்போனான்.