செனோனின் மூன்று தட்டு

நாற்பத்தோரு வருடம் புரூக்ளினில் வீடுகளைச் சூடாக்கும் நீராவிக் குழாய்களோடு குப்பை கொட்டியவன் நான். தெருமுனையில் நின்றே, எந்த மாடியில் எந்த வால்வு ஒழுகுகிறது என்று சொல்லிவிடுவேன். என் மனைவி நம்பமாட்டாள். அவள் எதைத்தான் நம்பினாள்?

ஒரு ஜனவரிக் காலையில் போகுமீலா வீட்டுக்குப் போனேன். அவர் கணவர் செனோன் இலையுதிர் காலத்தில் இறந்திருந்தார். எங்கள் பக்கம் சூடு நின்றால் குழாயைத் தட்டுவோம். நிலவறையில் இருக்கும் காவலாள் பாய்லரைப் பற்றவைப்பான். செனோன் சூப்புக் கரண்டியால் மூன்றே தட்டு தட்டுவார். அவர் பிறந்த போலந்து வரைக்கும் கேட்கும்.

மகன் ராடெக் வாசலிலேயே மடக்கினான். "மாமா, அப்பாதான் ரேடியேட்டர்ல தட்டுறார்ங்குது அம்மா. குழாய்ல கோளாறுன்னா சரி. இல்லேன்னா இன்னிக்கே முதியோர் இல்லத்துல விட்டுடுவேன்."

"என்னை மூட்டை கட்டுறதுக்கு முன்னாடி காலைத் தொடைச்சிட்டு உள்ள வாடா," என்றார் போகுமீலா. பிறகு என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டார். "வித்தோல்ட், கோளாறுன்னே சொல்லிடுங்க."

இருவரும் சோபாவில் உட்கார்ந்தார்கள். நான் கோட்டைக்கூடக் கழற்றாமல், கனத்த கையுறையோடு, சுவரோரம் நின்ற இரும்பு ரேடியேட்டர் மேல் ரசமட்டத்தை வைத்தேன். வால்வு இருக்கும் பக்கம் சரிய வேண்டியது எதிர்ப்பக்கம் சரிந்திருந்தது. உள்ளே தண்ணீர் தேங்கும்; நீராவி வந்து அதை மோதும்.

டங். டங். டங்.

"கேட்டியா?" என்றேன் வெற்றியோடு. "தண்ணிப்பா! செத்தவங்களுக்குக் குழாய் வேலை தெரியாது."

ராடெக் பெருமூச்சு விட்டான். "அப்போ அம்மா இங்கயே இருக்கட்டும்."

ரேடியேட்டரின் காலுக்கடியில் இரண்டு மரத்துண்டுகளைச் செருகிவிட்டு, பாய்லரைப் பார்க்க நிலவறைக்கு இறங்கினேன். காவலாள் எவ்கென் கோட்டும் தொப்பியுமாகக் குந்தியிருந்தான். கையுறையைக் கழற்றி பாய்லரைத் தொட்டேன். கல்லறைக் கல் போலச் சில்லிட்டது.

"இது எப்ப அணைஞ்சுது?"

"நேத்து மத்தியானம். தண்ணி வத்திடுச்சு. அடைப்பை இப்பத்தான் எடுத்தேன்."

நேற்று மத்தியானம் முதல் அந்தக் குழாய்களில் நீராவியே இல்லை. அப்படியானால் மேலே எது எதை மோதியது?

டங். டங். டங்.

"வர்றேன் செனோன், உயிரை வாங்காதே!" என்று பழக்கதோஷத்தில் கத்தினான் எவ்கென். பிறகு அவன் கையிலிருந்த ஸ்பேனர் கீழே விழுந்தது.

தண்ணீர் நிரப்பி, பற்றவைத்தோம். குழாய்கள் சூடேறின. அதன்பின் தட்டல் இல்லை.

ராடெக்கிடம் நான் எதையும் மாற்றிச் சொல்லவில்லை. அவன் நிம்மதியாக வேலைக்குப் போனான். போகுமீலா எனக்குத் தேநீர் ஊற்றினார்.

"கீழ அணைஞ்சிருந்துச்சா?" என்று மெதுவாகக் கேட்டார்.

தலையாட்டினேன்.

"எனக்குக் குளிர்ந்தா அவருக்குப் பொறுக்காது," என்றபடி செனோனின் நாற்காலியை ரேடியேட்டர் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்த்தினார். "அந்த மரத்துண்டுங்களை மட்டும் எடுத்துடுங்க. அவர் கால் இடிக்கும்."

எடுத்துவிட்டேன்.