மாற்று மீன்

பல் துலக்கினான். பால் காய்ச்சினான். மகளை எழுப்பி முகம் கழுவிவிட்டான். தினமும் செய்வதுதான். கூடத்தில் மனைவியைக் கிடத்தியிருந்தார்கள்.

மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வெளியே வந்தபோது அக்கா வழியை மறித்தாள்.

"பாப்பாவைக் கூடத்துக்கு விடாதடா. அம்மா ஊருக்குப் போயிருக்கான்னு சொல்லி வச்சிருக்கேன்."

"யாரைக் கேட்டுச் சொன்ன?"

"ஆறு வயசுக் குழந்தைடா. உன் பொண்டாட்டியோட பாடமெல்லாம் அவளோட போகட்டும்."

"அக்கா சொல்றதுதான் சரி தம்பி," என்றார் தலைமையாசிரியர், தேநீரை உறிஞ்சியபடி. "பிஞ்சு மனசு."

அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மனைவி இவர் பள்ளியில்தான் இரண்டாம் வகுப்பு ஆசிரியை. போன வருடம் வகுப்புத் தொட்டியில் மீன் செத்தபோது, பிள்ளைகள் வருமுன் அதே நிறத்தில் இன்னொன்றை வாங்கிப் போட்டுவிடச் சொன்னவர் இவர். அவள் மறுத்தாள். செத்ததைத் தட்டில் வைத்துத் தொட்டுப் பார்க்கவிட்டாள். "செதில் மட்டும் ஏன் டீச்சர் இன்னும் மின்னுது?" என்றது ஒரு பிள்ளை. அவளுக்குத் தெரியவில்லை. தெரியாது என்றே சொன்னாள். எல்லோருமாகச் சேர்ந்து விடை தேடினார்கள். "பாடம் நடத்தச் சொன்னா இழவு நடத்துறீங்களா?" என்று கேட்டு அவளிடமிருந்து வகுப்பைப் பிடுங்கினார் இவர். இன்று மலர்வளையத்தோடு வந்திருக்கிறார்.

மகளைத் தூக்கிக்கொண்டு அக்காவைத் தாண்டிப் போனான்.

"அம்மா ஊருக்குப் போகலடா. செத்துட்டாங்க. தொட்டுப் பாரு."

தொட்டாள். கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டாள். மறுபடி தொட்டாள்.

"இனிமே பேச மாட்டாங்களா?"

"மாட்டாங்க."

"கடைசியா என்ன சொன்னாங்க?"

யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். தலைமையாசிரியர் குனிந்து குழந்தையின் தலையைத் தடவினார்.

"நீ நல்லாப் படிச்சு முதல் மார்க் வாங்கணும்னு சொன்னாங்கம்மா."

"நீங்க ஆஸ்பத்திரியில இருந்தீங்களா சார்?" என்றான் அவன்.

"இல்ல தம்பி, ஒரு நல்லதுக்குத்தானே..."

"இன்னொரு மீனா?"

அவர் கை தலையிலிருந்து விலகியது. அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். அவன் மகளின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். அவள் காத்திருந்தாள்.

"'ஜன்னலைத் திறடா, மருந்து நாத்தம் குடலைப் புரட்டுது'ன்னு சொன்னாங்க."