சாவிக்கொத்துப் பரீட்சை

அண்ணன் வந்தாலே என் பட்டறையில் குற்றவாளி ஸ்பீக்கர்தான்.

"டேய், உன் பாக்ஸ் செத்துப் போச்சுடா. கீச்சுன்னு வர்ற மேல் சத்தமே வரல," என்றான்.

கச்சேரி அரங்கில் இருபத்திரண்டு வருடமாக, ஒலியைக் கூட்டிக் குறைக்கிற மிக்சர் முன்னால் உட்கார்ந்திருப்பவன். அங்கே தொங்கும் பெட்டிகள் நான் செய்தவை. ஒரு மாதமாகச் சத்தம் காதைக் கிழிக்கிறது என்று முன்வரிசைக்காரர்கள் புகார்; கூர்மையே இல்லை என்று இவன் இன்னும் ஏற்றுகிறான். கோளாறு பெட்டியிலா ஆளிடமா என்று இன்றைக்குள் சொல்லச் சொல்லிவிட்டார் அரங்கு மேனேஜர். ஆளிடம் என்றால் அண்ணனுக்கு வேலை போய்விடும்.

பெட்டியில்தான் இருந்து தொலையட்டும் என்று வேண்டிக்கொண்டேன். முதலில் ஆம்ப்ளிஃபயர். சக்தி போதாததை முறுக்கினால் சத்தம் நசுங்கிக் கரகரக்கும். பெரியதாக ஒன்றை மாட்டினேன். "ம்ஹூம்," என்றான். அடுத்து கிராஸ்ஓவர்: கனத்த ஓசையைப் பெரிய ஸ்பீக்கருக்கும் கூரிய ஓசையைச் சின்ன ட்வீட்டருக்கும் பிரித்து அனுப்புகிற பலகை. ட்வீட்டரை அடக்கி வைக்கும் ரெசிஸ்டரையே எடுத்துவிட்டேன். எனக்குப் பல் கூசியது. கூட வந்திருந்த அண்ணி காதைப் பொத்திக்கொண்டாள்.

"இன்னும் வரலடா."

எங்கள் பரீட்சைக்குப் பாட்டெல்லாம் கிடையாது. தன் வீட்டுச் சாவிக்கொத்தை மைக் முன்னால் குலுக்கிப் பதிவு செய்து வைத்திருக்கிறான் அண்ணன். ஒவ்வொரு சாவியும் தனித்தனியாகக் கேட்டால் பெட்டி பாஸ். பீரோ சாவி எது, கேட் சாவி எது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வான். எனக்கு ஒருநாளும் அது வந்ததில்லை, பொறாமையாக இருக்கும்.

எரிச்சலில் ரெசிஸ்டரைப் பழையபடி பற்றவைத்து, பதிவைப் போட்டேன். சாவிக்கொத்து அரிசி மூட்டை விழுந்த மாதிரி மொத்தென்றது. ட்வீட்டர் வயரையே மாட்ட மறந்திருந்தேன். தலையில் அடித்துக்கொண்டு கையை நீட்டினேன்.

"தொடாத!" அண்ணன் எழுந்தே விட்டான். "இப்பதான்டா வருது. பீரோ சாவி, கேட் சாவி, எல்லாம் தனித்தனியா. எப்படிடா பண்ணின?"

அண்ணி பின்பக்கம் தொங்கிய வயரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"சொல்லிடாதீங்க தம்பி," என்றாள், அவன் முதுகுக்குப் பின்னால். அவன் திரும்பவில்லை.

ட்வீட்டரே ஓடவில்லை; கூரிய ஓசை கேட்காத காதில் ஞாபகத்துச் சாவிகள்தான் குலுங்குகின்றன. என்னென்னவோ பெட்டிகளுக்கு உயிர் கொடுத்திருக்கிறேன். இதற்கு எந்தக் கடையில் போய் என்ன பார்ட் கேட்பேன்?

போன் அடித்தது. மேனேஜர்.

"என்ன சார், பாக்ஸா, ஆளா?"

"பாக்ஸ்தான் சார். என் தப்பு."

அண்ணன் போனைப் பிடுங்கினான். "அதெல்லாம் சரி பண்ணிட்டான் சார்! இதே மாதிரி எல்லாப் பெட்டியையும் மாத்திடுறோம். நாளைக்கு நீங்களே முன்வரிசையில வந்து உக்காந்து கேளுங்க."

போனை வைத்துவிட்டுப் பதிவை மறுபடி ஓடவிட்டான். மொத், மொத் என்றது.

"கேட்டியா?" என்றான் அண்ணியிடம், முகமெல்லாம் சிரிப்பாக.

"கேக்குதுங்க," என்றாள் அண்ணி.