நிறைந்த இயந்திரம்

ரத்த வங்கியின் கணினி இயந்திரம் நின்றுபோனதும், மருத்துவமனைக்கு நிரல் எழுதும் ஜெஸ்ஸி திரையில் தன் ஜன்னலை மூடினாள். நின்றால் மூடித் திற. அது அலுவலகப் பழக்கம். மீண்டும் உள்ளே போக முடியவில்லை. புதிதாக எதற்கும் இடமில்லை என்றது திரை.

அப்போதுதான் புரிந்தது. இடத்தை அடைத்தது காலையில் அவள் ஓடவிட்ட நிரல். ஆய்வகத்தோடு தொடர்பு கிடைக்காவிட்டால் தன்னைப்போல் இன்னொன்றை உண்டாக்கி மறுபடி முயலும். பழையது சாக வேண்டும் என்று எழுத மறந்திருந்தாள். ஆய்வகத்தின் கேபிள் கழன்றிருக்க வேண்டும். ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, இயந்திரத்தை அடைத்துவிட்டன. ஒருவர் இத்தனை நிரல்தான் ஓட்டலாம் என்று யாரும் வரம்பு வைக்கவில்லை.

கீழே அறுவை அரங்கில் ஜெகநாதன் என்றொருவர் வயிறு திறந்து கிடந்தார். இயந்திரம் சீட்டு அச்சிடாமல் ரத்தப் பை வெளியே போகாது. வங்கியிலிருந்து ஸ்டெல்லா இரண்டு முறை கூப்பிட்டுவிட்டாள்.

திறந்திருக்கும் ஒரே ஜன்னல் இயந்திர அறையில், ராஜாராமனிடம். பாதுகாப்புத் துறையில் ஓய்வு பெற்றவர். தண்ணீர் குடிக்க எழுந்தாலும் ஜன்னலை மூடி, கணினியிலிருந்து வெளியேறிவிட்டுத்தான் எழுவார். ஜெஸ்ஸி படிகளில் ஓடினாள்.

அவர் எழுந்துகொண்டிருந்தார்.

"சார், மூடாதீங்க. கையை எடுங்க."

மூச்சு வாங்கச் சொல்லி முடித்தாள். அவர் உட்கார்ந்து, திரையில் ஏற்கெனவே இருந்த பட்டியலைப் பார்த்து நிரல்களை ஒவ்வொன்றாகக் கொல்லத் தொடங்கினார். ஒன்று செத்த இடத்தில் உடனே இன்னொன்று பிறந்தது.

"எல்லாம் உன் பிள்ளைகளா? ஊர் கொள்ளாது போலிருக்கே."

"கொல்ல வேண்டாம் சார். முதல்ல மொத்தமா உறைய வைங்க. அசையாம நின்னா பெத்துக்காது. அப்புறம் கொல்லலாம்."

ஒரே நிரலிலிருந்து பிறந்த கூட்டம் முழுவதற்கும் ஓர் எண் உண்டு; அதைக் கொடுத்தால்தான் மொத்தமாக நிறுத்தலாம். ஓடவிட்டபோது திரையில் பார்த்தாள். அந்த எண்ணைக் காட்டும் கட்டளையைத் தொடங்கக்கூட இப்போது இடமில்லை. 2417. அல்லது 2471. தவறான எண் ரத்த வங்கியின் நிரலுடையதாக இருந்துவிட்டால் அது செத்துப்போகும்.

"கூட்டத்தோட எண் என்ன? நிச்சயமாத் தெரியுமா?" என்றார்.

"2417" என்றாள். நிச்சயமில்லை என்று சொல்ல வாய் வரவில்லை.

உறைய வைத்தார். கொன்றார். திரை அசைந்தது. தொலைபேசி அடித்தது. எடுக்க ஜெஸ்ஸியின் கை நீளவில்லை. அவர் எடுத்து அவளிடம் நீட்டினார்.

"சீட்டு வந்துடுச்சு. பை போயாச்சு" என்றாள் ஸ்டெல்லா. "ரொம்ப நேரமாக்கிட்டீங்க ஜெஸ்ஸி."

ஜெகநாதன் எப்படி இருக்கிறார் என்று கேட்பதற்குள் வைத்துவிட்டாள்.